உப்புத் தண்ணீரும் தொட்டிக் கெளுத்தியும்



கல்லாவுக்குப் பக்கத்தில் கண்ணாடி மீன்தொட்டி வைப்பது நம் கடைகளில் வழக்கமாகி விட்டது. வாஸ்து என்று வைப்பவர் உண்டு. வாடிக்கையாளர் வீட்டுக் குழந்தைக்கு வேடிக்கை என்று வைப்பவரும் உண்டு. எதற்காக வைத்தாலும் அதில் விடுவது உயிர். இரண்டு மாதத்திற்கு ஒருமுறை செத்ததை எடுத்தெறிந்து புதிதாக வாங்கி விடுவது நஷ்டம் மட்டுமல்ல, பாவமும்கூட. நண்பர்கள் என்னிடம் குறைபடுவது அடித்தரையில் மேயும் கெளுத்தி வகைகளைப் பற்றித்தான். "எங்கள் போர் தண்ணீர் உப்பு, அண்ணாச்சி. அதில் கெளுத்தி நிற்காது" என்கிறார்கள். அது பாதிதான் உண்மை.

தண்ணீர் எப்படிப்பட்டது?

கடின நீர் என்பது கால்சியமும் மெக்னீசியமும் மிகுந்த தண்ணீர். மளிகைக்காரருக்கு இது புதிதல்ல. "உங்கள் துவரம்பருப்பு வேகவில்லை" என்று வாடிக்கையாளர் பொட்டலத்தைத் திருப்பிக் கொண்டு வருவார். பல சமயம் குற்றம் சரக்கில் இருக்காது, அவர் வீட்டுக் கிணற்றில் இருக்கும். அந்தத் தண்ணீரில் சோப்பு நுரைக்காது; வெந்நீர்ப் பாத்திரத்தில் வெள்ளையாகப் படியும். குடிநீருக்கான இந்தியத் தர அளவுப்படி கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை இருக்கலாம். வேறு தண்ணீர் கிடைக்காத இடத்தில் 600 வரை அனுமதி உண்டு.

அடுத்தது காரத்தன்மை. பி.எச். அளவில் 7 என்பது நடுநிலை. அதற்கு மேல் காரம், கீழே அமிலம். பைகார்பனேட் நிறைந்த தண்ணீரில் பி.எச். 8 வரைக்கும் ஏறி அங்கேயே உறுதியாக நிற்கும். கடலோரத்தில் வாயில் கரிக்கும் தண்ணீர் வேறு. அதில் இருப்பது சோற்று உப்பு. நாம் இரண்டையும் 'உப்புத் தண்ணீர்' என்றே சொல்லி விடுகிறோம். கரிக்கும் தண்ணீர் பெரும்பாலான தொட்டிக் கெளுத்திகளுக்கு ஆகாது. கடின நீர் அப்படியல்ல.

கடின நீரிலேயே பிறந்தவை

ஆப்பிரிக்காவில் டாங்கனிக்கா ஏரி இருக்கிறது. டான்சானியா, காங்கோ, புருண்டி, ஜாம்பியா என நான்கு நாடுகளுக்கு எல்லை. ஆழம் ஏறத்தாழ 1,470 மீட்டர். அதன் தண்ணீரில் பி.எச். 9-ஐ ஒட்டி நிற்கிறது. அங்கே சைனோடோன்டிஸ் என்ற கெளுத்தி இனங்கள் பாறை இடுக்குகளில் சுகமாக வாழ்கின்றன. அவற்றில் ஒன்றுக்குக் 'குயில் கெளுத்தி' என்றே பெயர் சொல்லலாம். முட்டையை வாயில் வைத்துக் காக்கும் சிக்லிட் மீன் முட்டையிடும்போது, இது ஊடே புகுந்து தன் முட்டையையும் போட்டு விடும். சிக்லிட் எல்லாவற்றையும் சேர்த்து வாயில் அள்ளிக்கொள்ளும். கெளுத்திக் குஞ்சு முன்னதாகப் பொரிந்து, அந்த வாய்க்குள்ளேயே சிக்லிட் குஞ்சுகளைத் தின்று வளரும். 1986-ல் ஜப்பானிய ஆய்வாளர் ஒருவர் இதை உலகுக்கு எடுத்துச் சொன்னார். நம் அரசு வளர்க்கத் தடை செய்திருக்கும் ஆப்பிரிக்கக் கெளுத்தி வேறு, இது வேறு. குழப்பிக்கொள்ள வேண்டாம்.

கொல்வது எது?

தொட்டியில் தின்னாமல் கிடக்கும் தீவனமும் மீனின் கழிவும் அம்மோனியாவாக மாறுகின்றன. பி.எச். 7-ல் அதில் நூற்றுக்கு ஒன்றுகூட விஷமாக இருப்பதில்லை. 8-ல் நூற்றுக்கு ஐந்துக்கு மேல் விஷம். 9-ல் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் விஷம். ஒரே அளவு அழுக்கு, மென்மையான தண்ணீரில் மன்னிக்கப்படும். காரமான தண்ணீரில் கொன்று விடும். கெளுத்தி வாழ்வதோ அழுக்குத் தங்கும் அடித்தரையில். ஆகவே பழி தண்ணீருக்கு, குற்றம் துப்புரவில்.

சிலர் பி.எச். குறைக்கும் அமில மருந்தை ஊற்றுகிறார்கள். பைகார்பனேட் இருக்கும் வரை அளவு இறங்கி மறுபடி ஏறும். இந்த ஏற்ற இறக்கம் மீனுக்குக் காரத்தைவிடக் கெடுதல். ஆர்.ஓ. தண்ணீரை மட்டும் ஊற்றுவதும் தவறு. அதில் தாங்கும் சத்து இல்லாததால் பி.எச். திடீரென விழும்.

எதை வாங்கலாம்?

வட்டாரத்துக்கு ஏற்ற சரக்கை வாங்குவது போல, தண்ணீருக்கு ஏற்ற மீனை வாங்குங்கள். தண்ணீர் மிகக் கடினமானால் சைனோடோன்டிஸ். நான்கடித் தொட்டியில் ஐந்து போதும். எல்லாக் கடையிலும் இருக்காது, சொல்லி வைத்து வாங்க வேண்டும். மிதமான கடின நீருக்குப் பண்ணையில் வளர்ந்த வெண்கல நிறக் கோரிடோராஸ் தோதானது; ஆறாவது சேர்ந்திருக்க வேண்டும். அது அவ்வப்போது மேலே பாய்ந்து காற்றை விழுங்கும். குடலாலும் மூச்சு விடும் இனம். ஓயாமல் மேலே போனால் மட்டும் தண்ணீர் கெட்டதென்று அறியுங்கள். நம் ஊர்க் கோடு போட்ட கெளுத்தியும் தாங்கும்; ஆனால் சின்ன மீன்களை இரவில் தின்று விடும்.

கண்ணாடி துடைக்கும் என்று விற்கிறார்களே, அந்த 'சக்கர்' மீனை வாங்க வேண்டாம். அது ஒன்றரை அடி வரை வளரும். இடம் போதவில்லை என்று ஏரியில் விட்டவர்களால் தமிழ்நாட்டு நீர்நிலைகளில் பெருகி, மீனவர் வலையையும் பிழைப்பையும் கெடுக்கிறது. விற்பவரிடம், "இது எத்தனை நாளாக இந்த ஊர்த் தண்ணீரில் இருக்கிறது?" என்று கேளுங்கள். சென்னைக் கொளத்தூர் போல வண்ண மீன் வியாபாரம் பெருகிய இடங்களில் நேர்மையாகப் பதில் சொல்லும் கடைக்காரர்கள் இருக்கிறார்கள்.

செய்ய வேண்டியவை

1. அடியில் கழுவிய மெல்லிய மணல் போடுங்கள். உடைகல் மீசையைத் தேய்த்து விடும்.

2. போர் தண்ணீரைப் பீப்பாயில் ஓர் இரவு காற்று விட்டு வைத்துப் பிறகு ஊற்றுங்கள். வாரம் கால் பங்கு மாற்றுங்கள்.

3. கோடையில் நீர் ஆவியாகும், உப்பு ஆவியாகாது. குறைந்ததை ஈடுகட்ட மட்டும் மழைநீரோ ஆர்.ஓ. நீரோ சேர்க்கலாம்.

4. மூழ்கும் தீவனத்தைக் கடை சாத்தி விளக்கணைக்கும்போது போடுங்கள். காலையில் மிச்சம் கிடந்தால் மறுநாள் அளவைக் குறையுங்கள். ஞாயிறு பட்டினி கிடந்தால் வளர்ந்த மீன் சாகாது.

5. வலை வேண்டாம். முள் சிக்கிக்கொள்ளும். சிறு டப்பாவால் பிடியுங்கள்.

என் கிட்டங்கித் தொட்டியில் இதுவே நடைமுறை. மருந்துச் செலவு இல்லை. கடைப் பையன்களுக்கும் அளவாகப் போடும் பழக்கம் வந்திருக்கிறது. அது தராசிலும் தெரிகிறது. தொட்டி வைத்திருக்கும் நண்பர்கள் முதலில் தங்கள் தண்ணீரைச் சோதித்துப் பார்த்து, அதன்பிறகு மீன் வாங்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.