நாற்பத்தொன்றாவது வாக்கு

கலிபோர்னியா சட்டமன்றத்தின் கீழவையில் 80 உறுப்பினர்கள். 41 பேர் யார் பக்கம் நிற்கிறார்களோ அவரே சபாநாயகர். 1980 டிசம்பரில் வில்லி பிரவுன் 51 வாக்குகளுடன் அந்த இருக்கையில் அமர்ந்தார். அவற்றில் அவருடைய ஜனநாயகக் கட்சியினர் போட்டவை 23 மட்டுமே. மற்ற 28 வாக்குகளும் எதிர்க்கட்சியான குடியரசுக் கட்சியிலிருந்து வந்தவை.

அப்போது சபாநாயகராக இருந்த லியோ மெக்கார்த்திக்கும் அவரை வீழ்த்தப் புறப்பட்ட ஹோவர்ட் பெர்மனுக்கும் ஆண்டு முழுக்க மோதல். தேர்தல் முடிந்ததும் பெர்மனின் கை ஓங்கியது. அவர் வருவதை மெக்கார்த்தி அணியும் விரும்பவில்லை, குடியரசுக் கட்சியும் விரும்பவில்லை. இரு தரப்பிடமும் பேசக்கூடியவர் பிரவுன்தான். 1974இல் இதே பதவிக்கான போட்டியில் மெக்கார்த்தியிடம் தோற்றவர் அவர். கலிபோர்னியாவின் முதல் கறுப்பினச் சபாநாயகர் இப்படித்தான் உருவானார்.

டெக்சஸ் மாநிலத்தின் மினியோலாவில் 1934இல் பிறந்தவர் பிரவுன். கறுப்பர்களுக்குத் தனிப் பள்ளி, தனி வாசல் என்றிருந்த ஊர். 17 வயதில் சான் பிரான்சிஸ்கோவிலிருந்த மாமாவிடம் வந்துசேர்ந்தார். துப்புரவு வேலை பார்த்துக்கொண்டே சட்டம் படித்தார். 1961இல் புது வீடு ஒன்றைப் பார்க்கப் போனபோது, கறுப்பர் என்பதால் விற்பனையாளர்கள் காட்ட மறுத்தார்கள். அங்கேயே போராட்டத்தில் இறங்கியதால் நகரம் முழுக்க அவர் பெயர் தெரிந்தது. 1962 சட்டமன்றத் தேர்தலில் தோல்வி, 1964இல் வெற்றி.

வயது வந்த இருவர் மனமொத்து வைத்துக்கொள்ளும் உறவைக் குற்றமாக்கிய பழைய சட்டத்தை நீக்கப் பல ஆண்டுகள் முயன்றார். 1975இல் அந்த மசோதா மேலவையில் 20-20 என்று முட்டி நின்றது. துணை ஆளுநர் மெர்வின் டைமலி டென்வரிலிருந்து விமானத்தில் திரும்பி வந்து போட்ட வாக்கு அதை நிறைவேற்றியது. பிரவுனின் அரசியல் வாழ்வில் மிகப் பெரிய செயல் எதுவென்று கேட்டால், சபாநாயகர் பதவியைவிட இந்தச் சட்டத்தையே சொல்வேன்.

அமெரிக்க மாநிலங்களில் சபாநாயகர் நடுவர் அல்ல, கட்சியின் தளபதி. யார் எந்தக் குழுவுக்குத் தலைவர், யாருக்கு எந்த அறை என்பதுவரை பிரவுன் தீர்மானித்தார். சட்டமன்றத்தில் காரியம் ஆகவேண்டிய நிறுவனங்களிடமும் சங்கங்களிடமும் தேர்தல் நிதி திரட்டி, தன் உறுப்பினர்களுக்குப் பகிர்ந்தார். அவர் பலம் அதில் இருந்தது, அவர்மீது மக்களுக்கு ஏற்பட்ட கசப்பும் அதிலிருந்தே வந்தது. 1988இல் சொந்தக் கட்சியின் ஐந்து பேர் கிளம்பியும் அவரை அசைக்க முடியவில்லை.

1994 தேர்தலில் குடியரசுக் கட்சிக்கு 41 இடங்கள், ஜனநாயகக் கட்சிக்கு 39. பிரவுனின் கதை முடிந்தது என்றே எல்லோரும் நினைத்தார்கள். வாக்கெடுப்பில் குடியரசுக் கட்சியின் பால் ஹார்ச்சர் பிரவுனுக்கு வாக்களித்தார், 40-40. அங்கே கட்சித் தாவல் தடைச் சட்டம் கிடையாது. இன்னொரு குடியரசுக் கட்சிக்காரரான ரிச்சர்ட் மவுண்ட்ஜாய் மேலவைக்கும் தேர்வாகியிருந்ததால், கீழவையில் அவர் இருக்க முடியாது என்று பிரவுன் தரப்பு அவரை வெளியேற்றியது. ஓர் உறுப்பினர் குறைந்த அவையில் 40 வாக்குகளே போதுமானதாயின; 1995 ஜனவரியில் 40-39 என்று பிரவுன் மீண்டும் சபாநாயகர். ஹார்ச்சரைத் தொகுதி மக்களே வாக்களித்துப் பதவியிலிருந்து திரும்ப அழைத்துக்கொண்டார்கள். ஜூனில் பிரவுன் விலகியபோது, குடியரசுக் கட்சியின் டோரிஸ் ஆலனை ஜனநாயகக் கட்சியின் வாக்குகளால் அந்த நாற்காலியில் அமர்த்திவிட்டே போனார்.

பிரவுனை வெளியேற்றியது அவையல்ல, வாக்காளர்கள். 1990இல் பொதுவாக்கெடுப்பில் நிறைவேறிய 140ஆம் முன்மொழிவு, கீழவையில் ஒருவர் ஆறு ஆண்டுகளுக்கு மேல் இருக்கக்கூடாது என்றது. முக்கியமாக அவரைக் குறிவைத்தே அந்தப் பிரசாரம் நடந்தது. பதினான்கரை ஆண்டுகள் ஒருவரே ஆண்ட இருக்கையில், அடுத்த ஒன்பது ஆண்டுகளுக்குள் எட்டுப் பேர் மாறி மாறி அமர்ந்தார்கள். வரவுசெலவுத் திட்டத்தின் நெளிவுசுளிவுகளைப் படித்து முடிக்கும்போதே உறுப்பினரின் காலமும் முடிந்துபோனது. ஒரு மனிதரின் பிடியைத் தளர்த்தப் போய் அவையின் அனுபவத்தையே இழந்தது தவறு என்பதே என் எண்ணம். பிரவுனோ 1996இல் சான் பிரான்சிஸ்கோ மேயராகி 2004வரை இருந்தார்.

2012இல் கலிபோர்னிய வாக்காளர்கள் அந்த விதியை மாற்றினார்கள். இரு அவைகளிலும் சேர்த்து மொத்தம் 12 ஆண்டுகள். அத்தனையையும் ஒரே அவையில் கழிக்கலாம்.