வோல்ட் வழியில் தொலையும் கதை

பழைய அம்பாசடர் வைத்திருப்பவர்களிடம் பேச்சுக் கொடுத்தால் ஏறக்குறைய எல்லோரும் ஒரே புகாரைச் சொல்வார்கள். ராத்திரியில் ஹெட்லைட் மஞ்சளாக மங்கி எரிகிறது. செல்ப் போட்டால் மோட்டார் திணறித் திணறிச் சுற்றுகிறது. ஹாரன் அடித்தால் தொண்டை கட்டிய சத்தம். பட்டறையில் முதல் பழி பேட்டரி மேல் விழுகிறது. புதுசு மாட்டினால் ஒரு வாரம் சரியாக ஓடும், பிறகு பழையபடி ஆகிவிடும். அடுத்து டைனமோவைக் கழற்றுவார்கள், அதற்கும் அடுத்து செல்ப் மோட்டாரின் கார்பன் பிரஷ்ஷை மாற்றுவார்கள். அத்தனை செலவுக்குப் பிறகும் விளக்கு மங்கலாகத்தான் எரியும்.

1950-களின் இறுதியில் தொடங்கி 2014 வரை மேற்கு வங்கத்தின் உத்தரபாராவில் தயாரான அம்பாசடர், நம் சென்னையிலேயே தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு, பம்பாயின் பிரீமியர் பத்மினி, எதுவானாலும் இந்த நோய்க்குப் பெரும்பாலும் காரணம் ஒன்றுதான். பேட்டரியில் வோல்ட் இருக்கிறது, ஆனால் அது விளக்குக்கோ மோட்டாருக்கோ முழுதாகப் போய்ச் சேர்வதில்லை. ஒயரிலும் சுவிட்சிலும் துருப்பிடித்த இணைப்புகளிலும் கொஞ்சம் கொஞ்சமாகத் தொலைந்துவிடுகிறது.

எவ்வளவு தொலைகிறது என்பதற்குக் கணக்கு இருக்கிறது. ஜெர்மனியில் பள்ளி ஆசிரியராக இருந்த கியோர்க் ஓம் 1827-இல் வெளியிட்ட விதிதான் அது: ஓடும் கரண்ட்டை மின்தடையால் பெருக்கினால் இழக்கும் வோல்ட் கிடைக்கும். 1 சதுர மில்லிமீட்டர் குறுக்குவெட்டுப் பரப்புள்ள செம்புக் கம்பிக்கு ஒரு மீட்டர் நீளத்துக்குச் சுமார் 0.017 ஓம் தடை உண்டு. பேட்டரியிலிருந்து டேஷ்போர்டு சுவிட்ச், டிப் சுவிட்ச் என்று சுற்றி முன்பக்கம் வருவதற்குள் 5 மீட்டர் ஆகிவிடும். 60 வாட் பல்பு இரண்டுக்கும் சேர்த்து 10 ஆம்பியர் ஓடினால் புது ஒயரிலேயே 0.85 வோல்ட் போய்விடும். இதன்மேல் 40, 50 வருடத்துப் பாசியும் துருவும் ஏறிய புல்லட் கனெக்டர்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வோல்ட் கொஞ்சம் குறைந்தால் வெளிச்சமும் அதே அளவுக்குத்தானே குறையும் என்று தோன்றும். டங்ஸ்டன் இழை பல்பில் நடப்பது வேறு. அதன் வெளிச்சம் வோல்ட்டின் ஏறக்குறைய 3.4-ஆம் அடுக்கில் மாறுகிறது. 12 வோல்ட் போக வேண்டிய பல்புக்கு 10.2 வோல்ட் போனால் வோல்ட் குறைந்தது 15 சதவீதம், வெளிச்சம் குறைந்ததோ 40 சதவீதத்துக்கும் மேல். நெடுஞ்சாலையில் லைட் இல்லாமல் நிற்கும் லாரியைப் பார்ப்பதற்கும் பார்க்காமல் விடுவதற்கும் உள்ள வித்தியாசம் இது. விளக்கு மங்கல் என்பதைச் சின்னக் குறையாக நினைத்து ஓட்டுபவர்களைப் பார்த்தால் எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது.

சரி, மீட்டர் வைத்துப் பார்த்தால் கண்டுபிடித்துவிடலாமே? பல பட்டறைகளில் மீட்டர் வைத்துத்தான் பார்க்கிறார்கள். பல்பைக் கழற்றி, ஹோல்டரில் மல்ட்டிமீட்டர் முனையை வைத்தால் 12.6 வோல்ட் காட்டும். "சப்ளை சரியா வருது சார்" என்று சொல்லிவிடுவார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. பல்பு இல்லாதபோது கரண்ட் ஓடுவதில்லை, கரண்ட் ஓடாவிட்டால் இழப்பும் இல்லை. ஒயரின் நாற்பது இழையில் முப்பத்தொன்பது அறுந்து ஒன்று மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தாலும் மீட்டர் 12.6 தான் காட்டும். அடைத்துப்போன தண்ணீர்க் குழாயிலும், மூடி வைத்திருக்கும்வரை பிரஷர் முழுதாக இருக்கும். திறந்தால்தான் தண்ணீர் நூலாக ஒழுகுவது தெரியும்.

ஓம் அளவில் வைத்துப் பார்ப்பதும் உதவாது. செல்ப் மோட்டார் 150 ஆம்பியர் இழுக்கிறது என்று வைத்துக்கொண்டால், வழியில் 0.01 ஓம் கூடுதல் தடை இருந்தாலே 1.5 வோல்ட் காலி. சாதாரண மீட்டரின் சிவப்பு, கறுப்பு ஒயர்களுக்கே அதைவிடப் பல மடங்கு தடை உண்டு. அந்த மீட்டருக்கு 0.01 ஓம் கண்ணிலேயே படாது. இவ்வளவு சிறிய தடையை அளக்க அதன் வழியே நல்ல கரண்ட்டை ஓடவிட்டு, இரு நுனிகளுக்கும் இடையே உள்ள வோல்ட்டைத் தனியாக அளக்க வேண்டும். 19-ஆம் நூற்றாண்டில் கெல்வின் பிரபு சோதனைச்சாலையில் கையாண்ட அடிப்படை இது. வண்டியில் செய்ய வேண்டியதும் இதுதான்.

காயிலுக்குப் போகும் ஒயரைக் கழற்றிவிடுங்கள், இன்ஜின் பிடிக்காது. கியர் நியூட்ரலில் இருக்கட்டும், கைப்பிரேக்கை இழுத்துவிடுங்கள். மீட்டரை டிசி வோல்ட்டில் வையுங்கள். ஒரு முனை பேட்டரியின் பாசிட்டிவ் ஈயக் குமிழின் மேலேயே இருக்க வேண்டும், அதைக் கவ்வியிருக்கும் கிளாம்பின் மேல் அல்ல. மறுமுனை செல்ப் மோட்டாரின் தடித்த ஒயர் சேரும் போல்ட்டில். இன்னொருவரைச் சாவி போடச் சொல்லுங்கள். மோட்டார் சுற்றும்போது மீட்டர் காட்டுவது அத்தனையும் வழியில் தொலைந்த வோல்ட். அரை வோல்ட்டுக்குள் இருந்தால் அந்தப் பக்கம் நலம். 1.5 காட்டினால் முனையைக் குமிழிலிருந்து கிளாம்புக்கு, கிளாம்பிலிருந்து சொலினாய்டுக்கு என்று ஒவ்வொரு இணைப்பாக நகர்த்துங்கள். எங்கே எண் சட்டென்று விழுகிறதோ அங்கேதான் கோளாறு. 150 ஆம்பியரில் 1.5 வோல்ட் என்றால் அந்த ஒரே இணைப்பில் 225 வாட் வெப்பம். விரலால் மெல்லத் தொட்டாலே சூடு காட்டிக்கொடுத்துவிடும்.

பலரும் தவறவிடுவது எர்த் பக்கம். கரண்ட் பேட்டரியிலிருந்து கிளம்பினால் போதாது, திரும்பி வந்தும் சேர வேண்டும். அந்தத் திரும்பும் பாதையில் பெரும்பகுதி வண்டியின் இரும்பு உடல்தான். அதில் பெயின்ட் அடித்திருக்கிறோம், துரு ஏறியிருக்கிறது, டிங்கரிங் பார்த்தபோது எர்த் போல்ட்டின் மேலேயே பட்டி பூசியிருக்கிறார்கள். இன்ஜினோ ரப்பர் மவுண்டிங்கின் மேல் உட்கார்ந்திருக்கிறது, ரப்பரில் கரண்ட் போகாது. இன்ஜினையும் பாடியையும் இணைக்கும் செம்புப் பின்னல் பட்டை ஒன்றுதான் செல்ப் கரண்ட்டுக்குப் பாலம். அது அறுந்தால் அத்தனை ஆம்பியரும் சோக் கேபிள் வழியாகவோ ஆக்சிலரேட்டர் கேபிள் வழியாகவோ திரும்பப் பார்க்கும். செல்ப் அடித்ததும் சோக் கேபிள் சுட்டாலோ புகைந்தாலோ வேறு எதையும் தேடாதீர்கள், அந்தப் பட்டையைப் பாருங்கள். இண்டிகேட்டர் போடும்போது அதே பக்கத்துப் பார்க்கிங் விளக்கும் சேர்ந்து சிமிட்டினால் அதுவும் எர்த் கோளாறுதான். பாடிக்குப் போக வழியில்லாத கரண்ட் பக்கத்து பல்பின் இழைக்குள் புகுந்து போகிறது.

எர்த்தைச் சோதிக்க, பேட்டரியின் எர்த் குமிழில் ஒரு முனை, இன்ஜின் பிளாக்கின் பளிச்சென்ற இரும்பில் மறுமுனை. செல்ப் சுற்றும்போது 0.3 வோல்ட்டுக்குமேல் காட்டக்கூடாது. ஒன்று கவனம்: 1960-களின் நடுப்பகுதி வரை வந்த பிரிட்டிஷ் வடிவமைப்பு வண்டிகள் பலவற்றில் பாசிட்டிவ்தான் எர்த். குறியைப் பார்த்துவிட்டுக் கை வையுங்கள்.

வைத்தியம் மலிவு. எர்த் ஒயரை முதலில் கழற்றி, கடைசியில் மாட்டுங்கள். கிளாம்பில் பூத்திருக்கும் பச்சை, வெள்ளைப் பொடியைச் சோடா உப்புக் கரைசலால் கழுவுங்கள். உள்பக்கத்தை உப்புத்தாளால் பளபளக்கத் தேய்த்து, இறுக்கிப் பூட்டியபின் மேலே வாசலின் தடவினால் போதும். எர்த் போல்ட்டின் அடியில் பெயின்ட்டைச் சுரண்டி நட்சத்திர வாஷர் போடுங்கள். ஹெட்லைட்டுக்கு முன்பக்கத்திலேயே ரிலே பொருத்தி, பேட்டரியிலிருந்து ஃபியூஸ் வைத்த தடித்த ஒயரை நேராக இழுத்துவிட்டால், பழைய சுவிட்ச் ரிலேயின் காயிலுக்கு வேண்டிய கால் ஆம்பியருக்கும் குறைவான கரண்ட்டை மட்டும் தாங்கினால் போதும். இதைச் செய்யாமல் 100 வாட் பல்பை மாட்டுவது ஆபத்து. கரண்ட் 17 ஆம்பியரை நெருங்கும், பழைய சுவிட்ச் உருகும்.

டைனமோ வண்டிகள் ஐடிலிங்கில் சார்ஜ் ஏற்றாது என்பது உண்மை. சிக்னலில் நிற்கும்போது மட்டும் விளக்கு மங்கி, ரேஸ் கொடுத்ததும் தெளிந்தால் அது டைனமோவின் இயல்பு. ரேஸ் கொடுத்தும் தெளியாவிட்டால்தான் மேலே சொன்ன தேடல்.

அடுத்த முறை யாராவது பேட்டரி போச்சு என்று சொன்னால், பணத்தை எடுப்பதற்கு முன் செல்ப் பக்கம், எர்த் பக்கம் என்ற இந்த இரண்டு அளவையும் செல்ப் சுற்றும்போது உங்கள் கண்முன்னே எடுத்துக் காட்டச் சொல்லுங்கள்.