குறுகிய வழியே விரைவான வழியா?

வீட்டுக்கு வீடு கம்பி இழுக்காமல் ஒரு நகர்ப்பகுதி முழுவதற்கும் இணையத்தைக் கொண்டு செல்லுதல் கூடுமா? அமெரிக்காவின் மசச்சூசெற்ஸ் மாநிலத்துக் கேம்பிரிட்ஜ் நகரில், இந்நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் அது செய்து காட்டப்பட்டது. மசச்சூசெற்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தின் ஆராய்ச்சியாளர், விரும்பிய நகரவாசிகளின் கூரைகளில் அன்ரெனாக்களை நாட்டி, 'றூஃப்நெற்' என்னும் கம்பியில்லா வலைப்பின்னலை அமைத்தனர். 2005இல் வெளிவந்த அவர்தம் ஆய்வுக் கட்டுரையின்படி, ஏறக்குறைய நான்கு சதுர கிலோமீற்றர் பரப்பில் 37 நிலையங்கள் இயங்கின. அவற்றுட் சிலவே இணையத்துடன் நேரே தொடர்புடையன. ஏனைய வீட்டாரின் செய்திகள் கூரைக்குக் கூரை தாவியே அங்கு சென்றடைந்தன.

கூரைகள் பல இருக்க, எக்கூரை வழியாகச் செல்வது? தாவல்கள் குறைந்த வழியே சிறந்தது என்பது பழைய விடை. கம்பிகளாலான வலையமைப்பில் அது பெரும்பாலும் பொருந்தும். வானொலி அலையோ அத்துணை நம்பத்தக்கதன்று. பத்துப் பொதிகளை அனுப்பினால் ஒருகால் ஒன்பது சேரும். ஒருகால் ஐந்தே சேரும். தாவல்களைக் குறைக்க முயலுந்தோறும் ஒவ்வொரு தாவலும் நீளும். நீண்ட தாவல் பெரும்பாலும் நலிந்த தாவலே. ஆகவே, அம்முறை நலிந்த இணைப்புகளையே நாடிச் செல்லும் இயல்புடையது.

2003இல் டக்ளஸ் டி கூட்டோ, டானியல் அகுவாயோ, ஜோன் பிக்கெற், றொபேட் மொறிஸ் ஆகிய நால்வர் வேறோர் அளவுகோலை முன்வைத்தனர். தாவல்களை எண்ணுவதை விடுத்து, ஒரு பொதி சென்று சேர்வதற்கு எத்தனை தடவை அனுப்ப நேரும் என்பதை எண்ணுதல் வேண்டும் என்பதே அது. பொதியைப் பெற்ற நிலையம் 'கிடைத்தது' என்று மறுகுறி அனுப்பும். அக்குறி வராவிடின் அனுப்பிய நிலையம் மீண்டும் அனுப்பும். எனவே போக்கும் வரவும் இரண்டும் நன்றாயிருத்தல் அவசியம்.

மாணவர்கள் கணக்கிட்டுப் பார்க்கலாம். பள்ளிக்கூட நிகழ்தகவே இதற்குப் போதும். நேர்வழியிற் போக்கிற் பாதியும் வரவிற் பாதியுமே வெற்றியெனின், முழுவெற்றி காற்பங்கு. சராசரி நான்கு தடவை அனுப்பவேண்டும். இடையில் ஒரு வீட்டின் வழியாகச் சென்று, ஒவ்வொரு தாவலிலும் இரு திசையிலும் பத்துக்கு ஒன்பது சேருமாயின், தாவலொன்றுக்கு 1.23 தடவை, இரண்டுக்கும் சேர்த்து ஏறத்தாழ இரண்டரை. சுற்றிச் செல்வதே இலாபம்!

இலாபம் ஒரு வீட்டாருக்கு மட்டுமன்று. ஒரே அலைவரிசையில் ஒரு நிலையம் பேசும்போது அருகிலுள்ளவை வாய்மூடிக் காத்திருத்தல் வேண்டும். ஆதலால் ஒருவரது செய்தி நலிந்த வழியிற் சென்று திரும்பத் திரும்ப அனுப்பப்படும்போது, அயலவர் நேரமும் வீணாகின்றது.

29 நிலையங்களைக் கொண்டு இவ்வளவுகோலைச் சோதித்தபோது, நீண்ட வழிகளிற் பல சமயம் இருமடங்கும் அதற்கு மேலும் வேகம் கிடைத்தது.

எனினும் ஒரு குறையுண்டு. இணைப்பின் தரத்தை அறிய, ஒவ்வொரு நிலையமும் விநாடிக்கொரு சிறு சோதனைப் பொதியை வெளியிடும். கடந்த பத்து விநாடிகளில் எத்தனை வந்தன என அயல் நிலையங்கள் எண்ணும். சிறு பொதி தப்பிச் செல்லும் இடத்திற் பெரும் பொதி சிதைவதுண்டு. அன்றியும், எல்லா இணைப்புகளும் ஒரே வேகத்தில் இயங்குவதில்லை. இதனாலேயே றூஃப்நெற் பின்னர் தடவைகளுக்குப் பதிலாக, அனுப்பச் செல்லும் நேரத்தை அளந்து வழி தேர்ந்தது. 2011இல் நிறைவேறிய 802.11எஸ் என்னும் சர்வதேசத் தரவிதியும், ஒரு பொதி வான்வெளியில் எவ்வளவு நேரத்தைக் கொள்ளும் என்பதையே அளவாகக் கொண்டது.