வாயுதூத்

வாயுதூத் என்பது இந்தியாவில் 1981 முதல் 1993 வரை இயங்கிய, அரசுக்குச் சொந்தமான ஒரு மண்டல விமான நிறுவனமாகும். பெரிய விமானங்கள் செல்லாத சிறு நகரங்களை வான்வழியே இணைப்பது இதன் நோக்கமாக இருந்தது. "வாயுதூத்" என்ற இந்திப் பெயருக்குக் காற்றின் தூதன் என்பது பொருள்.

தோற்றம்

1953 ஆம் ஆண்டின் விமானக் கழகங்கள் சட்டத்தின்படி உள்நாட்டுச் சேவை இந்தியன் ஏர்லைன்சிடமும், வெளிநாட்டுச் சேவை ஏர் இந்தியாவிடமும் இருந்தன. இவ்விரு கழகங்களும் கூட்டாக, 1981 சனவரியில் வாயுதூத்தைத் தொடங்கின. முதலில் இது வடகிழக்கு இந்தியாவுக்காகவே உருவாக்கப்பட்டது. மலைகளாலும் ஆறுகளாலும் பிரிக்கப்பட்ட அப்பகுதியில் தரைவழிப் பயணம் நெடுநேரம் பிடிப்பதாகவும், மழைக்காலத்தில் அடிக்கடி தடைப்படுவதாகவும் இருந்தது.

விமானங்கள்

தொடக்கத்தில் இந்தியன் ஏர்லைன்சு பயன்படுத்திவந்த போக்கர் எப்-27, எச்.எசு. 748 வகைகள் பயன்பட்டன. பின்னர் செருமானிய வடிவமைப்பான டோர்னியர் 228 முதன்மை விமானமாயிற்று. இதனை இந்தியாவில் உருவாக்கும் உரிமத்தை இந்துசுத்தான் ஏரோநாட்டிக்சு நிறுவனம் 1983 இல் பெற்று, கான்பூரில் உற்பத்தி செய்தது. 19 இருக்கைகள் கொண்ட இவ்விமானம் குறுகிய ஓடுபாதையிலும் இறங்கவல்லது. ஆனால் இதன் அறை காற்றழுத்தம் ஊட்டப்படாதது. எனவே மோசமான வானிலைக்கு மேலே உயர்ந்து பறப்பது இதற்கு அரிது.

விரிவாக்கம்

1980களின் பிற்பகுதியில் சேவை நாடெங்கும் பரவி, சுமார் நூறு இடங்களை எட்டியது. தமிழ்நாட்டில் தஞ்சாவூர், நெய்வேலி ஆகிய ஊர்களுக்கும், அருகில் புதுச்சேரிக்கும் விமானங்கள் சென்றன.

இவ்விரிவாக்கமே நிறுவனத்தின் சுமையுமாயிற்று. விமானம் சிறிதாக இருப்பினும் இரு விமானிகள், பராமரிப்பு, தரைப் பணியாளர் ஆகிய செலவுகள் அதே அளவில் குறைவதில்லை. அவற்றை 19 பேரிடம் பகிரும்போது ஓர் இருக்கைக்கான செலவு உயர்கிறது. செலவுக்கேற்பக் கட்டணத்தை உயர்த்தினால் சிறு நகரப் பயணிகள் வரமாட்டார்கள்; உயர்த்தாவிட்டால் இழப்பு ஏற்படும். வாயுதூத்துக்கு ஆண்டுதோறும் இழப்பு சேர்ந்தது.

விபத்துகள்

* 19 அக்டோபர் 1988: சில்சாரிலிருந்து வந்த போக்கர் எப்-27 விமானம் குவகாத்தி அருகே தரையிறங்க முயன்றபோது விழுந்ததில், அதிலிருந்த 34 பேரும் இறந்தனர். அதே நாளில் அகமதாபாத்தில் இந்தியன் ஏர்லைன்சு விமானம் ஒன்றும் விபத்துக்குள்ளானது.
* 23 செப்டம்பர் 1989: புனேயிலிருந்து ஐதராபாத் சென்ற டோர்னியர் விமானம் பீமா ஆற்று நீர்த்தேக்கத்தில் விழுந்து, 11 பேர் இறந்தனர்.

இணைப்பு

1990களின் தொடக்கத்தில் பல வழித்தடங்கள் கைவிடப்பட்டன. 1993 இல் வாயுதூத் இந்தியன் ஏர்லைன்சுடன் இணைக்கப்பட்டது. பல சிறு விமான நிலையங்கள் பயணிகள் சேவையின்றி நின்றன.

பின்விளைவு

நிறுவனம் மறைந்தாலும், இழப்பு தரும் வழித்தடங்களின் செலவை ஏற்பது யார் என்ற கேள்வி மறையவில்லை. தனியார் நிறுவனங்களுக்கு வானம் திறக்கப்பட்ட பின், 1994 இல் புதிய விதி வந்தது. இலாபம் தரும் பெருநகர வழித்தடங்களில் பறக்கும் ஒவ்வொரு நிறுவனமும் வடகிழக்கு, சம்மு காசுமீர், அந்தமான், இலட்சத்தீவுகள் ஆகிய பகுதிகளுக்கும் குறிப்பிட்ட விழுக்காடு சேவை அளிக்க வேண்டும் என்பதே அது. அதாவது, வாயுதூத் தனியே சுமந்த கடமை அனைவருக்கும் பகிரப்பட்டது.

2016 இல் அறிவிக்கப்பட்டு, 2017 ஏப்ரலில் முதல் பயணம் கண்ட உடான் திட்டம் வேறு வழியை மேற்கொண்டது. இதில் கட்டணத்துக்கு உச்சவரம்பு வைத்து, ஏற்படும் பற்றாக்குறை நிதியுதவியால் ஈடுசெய்யப்படுகிறது. 2022 ஏப்ரலில் அரசின் அலையன்சு ஏர் நிறுவனம், இந்தியாவில் உருவான டோர்னியர் 228 விமானத்தை அசாமின் திப்ருகரிலிருந்து அருணாசலப் பிரதேசத்தின் பாசிகாட்டுக்கு இயக்கியது. வாயுதூத் பறந்த அதே வகை விமானம், அது தோன்றிய அதே வடகிழக்கில் மீண்டும் பயணிகள் சேவைக்கு வந்தது.