வங்கி போனது, பெயர் போகவில்லை

அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில், மார்க்கெட் தெருவும் பன்னிரண்டாம் தெருவும் சேரும் முனை. அண்ணாந்து பார்த்தால் 36 மாடிக் கட்டடத்தின் உச்சியில் ‘பி.எஸ்.எஃப்.எஸ்’ என்று சிவப்பாக எரியும் நான்கு எழுத்துகள். ஒவ்வொன்றும் 27 அடி உயரம். அந்தப் பெயரை நம்பிப் பணம் போட உள்ளே போனால் ஏமாந்துபோவீர்கள். அங்கே இருப்பது லோவ்ஸ் ஹோட்டல்.

‘பி.எஸ்.எஃப்.எஸ்’ என்பது 1816இல் தொடங்கிய பிலடெல்பியா சேவிங் ஃபண்ட் சொசைட்டியின் சுருக்கப் பெயர். சிறுசேமிப்புக்காரர்களின் வங்கி, பள்ளிப் பிள்ளைகளுக்குக்கூட அதில் கணக்கு உண்டு. நாடெங்கும் வங்கிகள் சரிந்துகொண்டிருந்த 1932இல் இந்தக் கட்டடத்தைத் திறந்தார்கள். துணிச்சல்தான். அந்தக் காலத்து வங்கி என்றால் கிரேக்கக் கோயில் மாதிரி பருத்த தூண்கள் வேண்டும். கட்டடக் கலைஞர்கள் ஜார்ஜ் ஹோவும் வில்லியம் லெஸ்காஸும் கண்ணாடி, எஃகு, பளபளக்கும் கறுப்புக் கருங்கல் என்று சிற்ப அலங்காரமே இல்லாமல் கட்டினார்கள். தரைத்தளத்தைக் கடைகளுக்கு வாடகைக்கு விட்டுவிட்டு, வங்கியை ஒரு மாடி மேலே ஏற்றினார்கள். பணம் போட வந்தவர் எஸ்கலேட்டரில் ஏறி, பளிங்கு பதித்த பெரிய கூடத்துக்குப் போனார். கட்டடம் முழுக்க ஏசி. அன்றைக்கு அது அபூர்வம். உச்சியிலுள்ள எழுத்துப் பலகை வெறும் விளம்பரம் இல்லை, குளிரூட்டும் சாதனங்களுக்கு மறைப்பும் அதுதான்.

1930களின் பொருளாதாரப் பெருமந்தத்தையே தாண்டிய வங்கி, 1980களில் தடுமாறியது. மெரிட்டர் என்று பெயரை மாற்றிப் பார்த்தும் பயனில்லை. 1992 டிசம்பரில் அரசே மூடியது. நூற்றெழுபத்தாறு வருஷக் கதை அதோடு முடிந்தது.

அடுத்த வருஷம் பக்கத்தில் திறந்த மாநாட்டு மையம், கட்டடம் தப்பியதற்கு ஒரு காரணம். வருகிறவர்கள் தங்க அறை வேண்டுமே. 2000இல் சுமார் 580 அறைகளோடு ஹோட்டல் வந்தது. வெளிச்சம் வேண்டும் என்று அலுவலக மாடிகளை ஒடுக்கமாக, நிறைய ஜன்னல்களோடு கட்டியிருந்தார்கள்; படுக்கையறைகளுக்கு அது தோதாகத்தான் இருந்திருக்கும். பாஸ்புக்கோடு காத்திருந்த கூடத்தில் இப்போது விருந்து நடக்கிறது.

1976லேயே தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவிக்கப்பட்ட கட்டடம் இது. புதிதாக வந்தவர்கள் உச்சியில் தங்கள் பெயரை எழுதிக்கொள்ளாததை நான் பெருந்தன்மை என்றே சொல்வேன். 33ஆம் மாடியில் வங்கி இயக்குநர்கள் கூடிய அறையும் இருக்கிறது. கூட்டம் நடத்த வாடகைக்குக் கிடைக்கும்.