கேட்டில் வைத்த பார்சல் எங்கே? அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி மக்களே உஷார்!

"தம்பி, வீட்ல யாரும் இல்லப்பா. கேட்டுக்குள்ளயே வச்சுட்டுப் போயிடு."

சென்னையின் மேற்குப் புறநகர்களில் பகல் வேளையில் தினமும் கேட்கிற வசனம் இது. பார்சல் கொண்டு வந்த வாலிபர் பெட்டியை கேட்டுக்கு உள்ளே வைக்கிறார். ஒரு போட்டோ எடுக்கிறார். அடுத்த தெருவுக்குப் பறக்கிறார். சாயங்காலம் வீட்டுக்காரர் வந்து பார்த்தால் பெட்டியும் இல்லை, பெட்டி இருந்த சுவடும் இல்லை!

செல்போனில் மட்டும் "ஒப்படைக்கப்பட்டது" என்று செய்தி வந்து கிடக்கும்.

பூட்டை உடைக்க வேண்டாம்

1964-ல் அம்பத்தூர் தொழிற்பேட்டை வந்த காலத்திலிருந்தே இது ஷிப்டு வேலைக்காரர்களின் பகுதி. ஆவடியில் டாங்கித் தொழிற்சாலை. இப்போது தொழிற்பேட்டையிலேயே கம்ப்யூட்டர் கம்பெனிகளும் வந்துவிட்டன. புருஷன், பெண்டாட்டி இரண்டு பேரும் காலையில் கிளம்பினால் இருட்டிய பிறகுதான் வீடு திரும்புகிறார்கள். தனி வீடுகளும், நான்கைந்து குடித்தனம் உள்ள சின்ன அடுக்குமாடிகளும்தான் அதிகம். வாட்ச்மேன் கிடையாது. பக்கத்து வீட்டு மாமியும் வேலைக்குப் போகிறவராக இருப்பார்!

கைவரிசை காட்டுகிறவனுக்கு கன்னக்கோலும் வேண்டாம், கள்ளச்சாவியும் வேண்டாம். பழைய பேப்பர் கேட்டு வருகிறவன் போல வரலாம். விலாசம் விசாரிக்கிறவன் போல நிற்கலாம். நோட்டம் விட்டு, பெட்டியை லபக்கென்று எடுத்து பைக்குள் போட்டால் முடிந்தது. உள்ளே இருப்பது செல்போனா, தலையணை உறையா என்று அவனுக்கே தெரியாது. ஆனால் கம்பெனி பெயர் அச்சடித்த பெட்டி, "எடுத்துக்கோ" என்று கூப்பிடுகிறதே!

வாசலில் பொருளை விட்டு வைப்பது இந்தப் பக்கத்து ஜனங்களுக்குப் புதிதல்ல. அம்பத்தூர் ஆவின் பண்ணையிலிருந்து வருகிற பாலுக்கு, ராத்திரியே கேட்டில் பை மாட்டி வைக்கிற வழக்கம் பல வீடுகளில் உண்டு. பால் பாக்கெட் ஒன்று காணாமல் போனால் ஒரு வேளை காப்பி போச்சு, அவ்வளவுதான். அந்தப் பழக்கத்திலேயே இருபதாயிரம் ரூபாய் செல்போனையும் கேட்டில் வைக்கச் சொன்னால்?

ஓ.டி.பி. என்பது கையெழுத்து

இதைத் தடுக்கத்தான் ஓ.டி.பி. வந்தது. விலை கூடின பொருளாக இருந்தால் வாங்கியவரின் செல்போனுக்கு ஒரு ரகசிய எண் வரும். அதைச் சொன்னால்தான் பொருளைக் கொடுப்பார்கள். சமையல் கேஸ் சிலிண்டருக்குக் கூட எண் கேட்கிறார்கள். தபால் இலாகாவும் 2025 அக்டோபர் 1 முதல் ஸ்பீட் போஸ்ட்டில் இந்த வசதியை வைத்திருக்கிறது. கூடுதல் கட்டணம் 5 ரூபாய், வரி தனி.

ஏற்பாடு நல்ல ஏற்பாடுதான். ஓட்டை போடுவது நம்ம ஆட்கள்! ஆபீசில் உட்கார்ந்து கொண்டே, "நம்பர் நாலு ஏழு ரெண்டு ஒண்ணு, கேட்ல வச்சுடுப்பா" என்கிறார்கள். எண்ணைச் சொன்ன அந்த நிமிஷமே, பொருளை வாங்கிக் கொண்டதாகக் கையெழுத்துப் போட்ட மாதிரி. அப்புறம் பெட்டி களவு போனால், "ஓ.டி.பி. கொடுத்திருக்கிறீர்களே" என்று கம்பெனி கையை விரிக்க வழி பிறந்துவிடுகிறது. பெட்டி நம்பிக்கையான ஒரு கைக்குப் போன பிறகு எண்ணைச் சொல்ல வேண்டும். அது தெருமுனை இஸ்திரி வண்டிக்காரர் கையாக இருந்தாலும் சரி, மளிகைக் கடை அண்ணாச்சி கையாக இருந்தாலும் சரி.

பார்சலே எதிர்பார்க்காத வீட்டுக்கு போன் போட்டு, "உங்க ஆர்டரை கேன்சல் பண்ணணும், நம்பர் சொல்லுங்க" என்று கேட்கிற டிப்-டாப் ஆசாமிகள் வேறு ரகம். அவர்கள் கேட்பது பாங்கிக் கணக்கின் சாவியாக இருக்கலாம். பணம் போய்விட்டால் உடனே 1930-க்கு போன் செய்ய வேண்டும்.

கேமரா போதுமா?

கேமரா இருக்கிறதே என்று சிலர் தைரியமாக இருக்கிறார்கள். ஹெல்மெட்டும் மாஸ்க்கும் போட்டு வருகிறவனின் படத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது? அமெரிக்காவில் வாசல் பார்சல் திருட்டு பெருந்தொல்லை. நாசாவில் வேலை பார்த்த மார்க் ரோபர் என்ற எஞ்சினீயர் 2018-ல் ஒரு வேடிக்கை செய்தார். திறந்தால் ஜிகினாத் தூளும் துர்நாற்றமும் பீய்ச்சி அடிக்கிற பெட்டியைச் செய்து வாசலில் வைத்தார். படம் உலகம் பூராவும் ஓடியது. அதில் சில காட்சிகள் நிஜமில்லை என்று பிறகு தெரிந்து அவரே வெட்டி எடுத்தார். திருட்டு மட்டும் அங்கே நின்றபாடில்லை.

நமக்கு அத்தனை வித்தை வேண்டாம். கோயில் உண்டியலைப் பாருங்கள். போடலாம், எடுக்க முடியாது! அதே மாதிரி, மேலே சாய்வாக வாய் வைத்த இரும்புப் பெட்டியைச் சுவரோடு சேர்த்துப் பதித்துப் பூட்டி விடலாம். தகடு வெட்டி வெல்டிங் அடிக்கிற பட்டறைக்கு அம்பத்தூரில் பஞ்சமா? சின்னப் பார்சல்களுக்கு அது போதும். பெரிய பொருள் என்றால் வீட்டில் ஆள் இருக்கும் நாளாகப் பார்த்து வரவழைப்பதுதான் நல்லது.

ஐயாயிரத்துக்குக் கீழே என்றால்...

திருட்டு போன பிறகு எங்கே போவது? அம்பத்தூர்க்காரர்களுக்கு இதில் ஒரு குழப்பம். 2011-ல் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்தார்கள். வரி கட்டுவது சென்னைக்கு. போலீஸ் விஷயத்தில் 2022 ஜனவரி 1-ல் தொடங்கிய ஆவடி கமிஷனரேட்டின் கீழ் வருகிறார்கள். பூந்தமல்லியும் அப்படியே.

ஸ்டேஷனுக்குப் போகும் முன் ஒரு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 303-வது பிரிவுப்படி திருட்டுக்கு 3 ஆண்டு வரை ஜெயில் உண்டு. ஆனால் பொருளின் மதிப்பு 5,000 ரூபாய்க்குக் கீழே இருந்து, முதல் தடவை பிடிபட்டவன் பொருளைத் திருப்பிக் கொடுத்துவிட்டால், சமூக சேவைதான் தண்டனை. அது மட்டுமல்ல, அந்த மதிப்புக்குக் கீழ்ப்பட்ட திருட்டை மாஜிஸ்திரேட் உத்தரவு இல்லாமல் போலீசார் தாங்களாகப் புலன் விசாரணை செய்ய முடியாது. வாசலில் காணாமல் போகிற சேலை, மிக்சி ஜார், பிள்ளைகளின் ஷூ எல்லாம் பெரும்பாலும் இந்த வரம்புக்குள்தான் அடங்கும். திருடர்களுக்கு இது தெரியுமோ தெரியாதோ, பறிகொடுத்தவர்களில் பலருக்குத் தெரியாது. ஆகவே பில் நகலோடு போவது முக்கியம். வீட்டுக்குள்ளேயே புகுந்து எடுத்திருந்தால் கதை வேறு. 305-வது பிரிவு, 7 ஆண்டு வரை.

முதல் சந்தேகம் விழுவது என்னவோ பார்சல் கொண்டு வந்த வாலிபர் மீதுதான். ஒரு பார்சலுக்கு இவ்வளவு என்று கூலி வாங்கி, வெயிலில் மூன்று மாடி ஏறி இறங்குகிறவர். "வச்சுட்டுப் போ" என்று சொன்னதே வீட்டுக்காரர்தான் என்பதை அவர் எப்படி நிரூபிப்பார்? அவர் எடுக்கிற அந்த போட்டோதான் அவருக்குச் சாட்சி.

ஓ.டி.பி. சொல்லவே இல்லை, பொருளும் வரவில்லை, ஆனாலும் "ஒப்படைக்கப்பட்டது" என்று செய்தி வந்தால் சும்மா விடக்கூடாது. 2020-ம் ஆண்டு மின்வணிக விதிகளின்படி, புகார் கிடைத்ததாக 48 மணி நேரத்துக்குள் கம்பெனி பதில் சொல்ல வேண்டும். ஒரு மாதத்துக்குள் தீர்த்து வைக்க வேண்டும். நடக்காவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. போன் செய்யும்போது ஆர்டர் எண், பில், வந்த செய்தி மூன்றும் கையில் இருக்கட்டும். ஆபீசிலிருந்து யாருக்காவது எண்ணைச் சொன்னோமா என்பதையும் ஒரு தடவை யோசித்துக் கொள்ளுங்கள். முதலில் அதைத்தான் கேட்பார்கள்.