அடிக் கணக்கும் பெட்டிக் கணக்கும்: ரெஸ்லிங் பொம்மை விலையிலிருந்து கள்ளக்குறிச்சி மரச்சிற்பம் வரை

ரெண்டு பொருளைப் பக்கத்துல பக்கத்துல வைச்சுப் பாருங்க. ஒண்ணு, 1994-ல் அமெரிக்கக் கடைகளுக்கு வந்த ஒரு சின்ன பிளாஸ்டிக் ரெஸ்லிங் பொம்மை. அன்றைக்கு அது சில டாலர். அட்டையிலிருந்து பிரிக்காமல் யாராவது வைத்திருந்தால் இன்றைக்குப் பல நூறு டாலர். இன்னொன்று, கள்ளக்குறிச்சிப் பக்கம் வாகை மரத்தில் கையாலேயே செதுக்கிய அரையடிப் பிள்ளையார். வாங்கியவர் வீட்டில் முப்பது வருஷம் இருந்தாலும், வாங்கிய விலைக்கு மேல் கொடுத்து அதை வாங்க ஆள் தேடிப் பிடிக்க வேண்டும்.

இதில் எது உழைப்பு அதிகம், எது அழகு என்ற விவாதத்துக்கு நான் வரவில்லை. விலை எப்படி உருவாகுது என்பதுதான் இந்தக் குறிப்பு. முதலில் ரெஸ்லிங் பொம்மையின் கணக்கைப் பார்த்துவிடுவோம். அது புரிந்தால் நம்ம ஊர்ச் சிற்பிக்கு எந்த இடத்தில் இடிக்குது என்பதும் தெரிந்துவிடும்.

கடை விலை ஒண்ணு, ஆசை வேற

ரெஸ்லிங் பொம்மைக்கு நாற்பது வருஷ வரலாறு இருக்கு. 1984-ல் எல்.ஜே.என். என்ற கம்பெனி கெட்டி ரப்பரில் பெரிய பொம்மைகளைக் கொண்டுவந்தது. 1990 முதல் 1994 வரை ஹாஸ்ப்ரோ, கையளவு பிளாஸ்டிக் பொம்மைகளை விற்றது. பிறகு 2009 வரை ஜாக்ஸ் பசிபிக். 2010-லிருந்து உரிமம் மேட்டல் கையில். பார்பி பொம்மை செய்கிற அதே மேட்டல்தான்.

மேட்டலில் 'பேசிக்' என்று ஒரு வரிசை, குழந்தைகளுக்கு. 'எலீட்' என்று இன்னொன்று. மூட்டுகள் அதிகம், முகவெட்டு துல்லியம், ஆறேழு அங்குல உயரம். எலீட் பொம்மை அமெரிக்காவில் சுமார் 20 முதல் 25 டாலர். முக்கியமான விஷயம், ஒரே வரிசையில் வரும் எல்லாப் பொம்மைக்கும் கடை விலை ஒன்றுதான். ஜான் சீனாவுக்கும் அதே விலை, வந்த வேகத்தில் காணாமல் போன ஒரு வீரருக்கும் அதே விலை.

ஆனால் கேட்கிற கூட்டம் ஒன்றல்லவே. அந்த வித்தியாசத்தைக் கம்பெனி விலையில் காட்டாமல் எண்ணிக்கையில் காட்டுது. கடைக்காரருக்குப் பொம்மை தனித்தனியாகப் போவதில்லை, அட்டைப்பெட்டியாகப் போகும். அந்தப் பெட்டிக்குள் யார் யார் எத்தனை என்பதைக் கம்பெனி முன்கூட்டியே முடிவு செய்துவிடும். நிச்சயம் விற்பார் என்று நினைக்கிறவர் பெட்டிக்கு ரெண்டு, மற்றவர் ஒண்ணு. இந்தக் கணிப்பு தவறும்போதுதான் வேடிக்கை. ரெண்டு ரெண்டாக வந்தவர் விற்காமல் கொக்கியிலேயே தொங்குவார், கடைசியில் பாதி விலைக்குப் போவார். ஒண்ணு ஒண்ணாக வந்தவர் முதல் நாளே காலி. அவரைத் தேடுகிறவர்கள் இணைய ஏலத்துக்குப் போவார்கள். சேகரிப்பு விலை பிறப்பது அங்கேதான்.

இதைத் தெரிந்தே பயன்படுத்துவதும் உண்டு. ஒரே வீரருக்கு உடை நிறத்தை மட்டும் மாற்றி, குறைந்த எண்ணிக்கையில் கலந்து அனுப்புவது ஒரு வழி. நாலைந்து பெட்டியில் ஒவ்வொரு துண்டாக வைத்து, எல்லாவற்றையும் வாங்கினால்தான் இன்னொரு முழுப் பொம்மை சேரும் என்று செய்வது இன்னொரு வழி.

மறுவிற்பனை விலைக்கு நாலு கால்

சேகரிப்பாளர் ஒரு பழைய பொம்மைக்குப் பணம் கொடுக்கும்போது நாலு விஷயம் பார்ப்பார்.

ஒன்று, அடையாளம். எந்தக் கம்பெனி, எந்த வரிசை, எந்த வருஷம் என்று சொல்ல முடியணும். இரண்டு, எண்ணிக்கை. சரியான எண் தெரியாவிட்டாலும் 'இது குறைவு' என்பதில் எல்லாரும் ஒத்துப்போகணும். ஹாஸ்ப்ரோவின் கடைசித் தொகுப்பு 1994-ல் பச்சை அட்டையில் வந்தது. அதற்குள் வியாபாரம் மந்தமாகிவிட்டதால் கடைகளுக்குப் போனது கம்மி. அதனாலேயே இன்று விலை ஜாஸ்தி. அதே ஹாஸ்ப்ரோவில் கமலா என்று ஒரு வீரர் உண்டு (நம்மூர்ப் பெண் பெயர்தான், ஆனால் ஆள் பெரிய மலை). கடைக்கு வந்த பொம்மையின் வயிற்றில் நட்சத்திரம் இருக்கும். நிலா வரைந்தவை மிகச் சில. வயிற்றில் இருக்கும் ஒரு படம் விலையை எங்கேயோ கொண்டுபோகுது.

மூன்று, நிலைமை. பெட்டி பிரிக்காதது, பிரித்தும் உபகரணங்கள் குறையாதது, வெறும் பொம்மை என்று மூன்று விலை. நாலு, ரொம்ப முக்கியம்: போன மாதம் இதே பொம்மை என்ன விலைக்குப் போனது என்று யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். இபேயில் முடிந்த விற்பனைகள் கண் முன்னாலேயே கிடக்கும். அந்தப் பதிவு இருப்பதால்தான் முன்பின் தெரியாத ரெண்டு பேர் ஒரு விலையில் ஒத்துப்போக முடியுது.

இந்த நாலில் ஒரு கால் இல்லாவிட்டாலும் நாற்காலி ஆடும்.

இங்கே வந்து இறங்கும்போது

நம்ம பக்கம் ரெஸ்லிங்குக்கு ரசிகர்கள் எப்பவும் குறைவில்லை. பொம்மை வருவதற்கு முன்னாலேயே சீட்டு வந்துவிட்டது. உயரம், எடை, மார்பளவு, ரேங்க் எல்லாம் போட்ட அந்த ட்ரம்ப் கார்டுகளை வைத்து விளையாடாத 90'ஸ் கிட்ஸ் குறைவு. அண்டர்டேக்கர் யார் என்று கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் கேட்டாலும் சொல்வார்கள், கல்வராயன் மலை ஏறி வெள்ளிமலையில் கேட்டாலும் சொல்வார்கள். அதாவது ஆசை இருக்கு.

ஆனால் ஆசை மட்டும் வாங்கும் சக்தி ஆகாது. வெளிநாட்டுப் பொம்மைக்கு இந்தியாவில் சுங்கவரி 2020-ல் 20 சதவீதத்திலிருந்து 60 ஆனது, 2023-ல் 70. 2021 ஜனவரி 1 முதல் 14 வயதுக்குட்பட்ட பிள்ளைகள் விளையாடும் பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். ஜி.எஸ்.டி. மட்டும் 2025 செப்டம்பரில் 12-லிருந்து 5 சதவீதமாக இறங்கியது. ஒரு பேச்சுக்குக் கணக்குப் போடுவோம். துறைமுகத்தில் 1,000 ரூபாய் மதிப்புள்ள பொம்மை. சுங்கம் 700. ஆக 1,700. அதன் மேல் ஜி.எஸ்.டி. 85. இதுவரை 1,785. இன்னும் லாரி வாடகை, மொத்த வியாபாரி, கடைக்காரர் யாரும் கணக்கில் வரவில்லை.

அந்த விலைக்கு ஒரு பொம்மையை நம்ம ஊர் ஃபேன்சி ஸ்டோர் முதலாளி எடுத்து வைக்க மாட்டார். பணம் முடங்கும். அதனால் கடையிலும் திருவிழாவிலும் தொங்குவது பேர் தெரியாத மல்யுத்த பொம்மைதான். யார் முகம் என்று குத்துமதிப்பாகத்தான் சொல்லலாம். மலைக் கிராமத்துப் பெட்டிக்கடையில் அதுவும் கிடையாது. பத்து, இருபது ரூபாய்ச் சரம்தான். அதைச் சேகரிப்பு என்று யாரும் சொல்வதில்லை. உடைந்தால் குப்பை.

இதற்கு எதிர்த் திசையில் ஒரு நல்ல உதாரணம் உண்டு. எம்.ஆர்.எஃப். குழுமத்தின் ஃபன்ஸ்கூல் கம்பெனி, ஹாஸ்ப்ரோ உரிமத்தில் ஜி.ஐ. ஜோ பொம்மைகளை இந்தியாவிலேயே செய்து விற்றது. வெளிநாட்டில் வராத நிறச் சேர்க்கைகள் இங்கே வந்தன. நம்ம பிள்ளைகள் அவற்றை மண்ணில் போட்டு உடைத்தார்கள். வெளிநாட்டுச் சேகரிப்பாளர்களோ 'இந்திய வார்ப்பு' என்று தேடி வாங்கினார்கள். இங்கே செய்த பொருளுக்கும் சேகரிப்பு விலை வரும். அதற்கு அட்டையில் பேர் அச்சாகியிருந்தது, எந்த வரிசை என்று அடையாளம் இருந்தது, அவ்வளவுதான்.

அடிக் கணக்கு

இப்போ மரச்சிற்பம். கள்ளக்குறிச்சி, சின்னசேலம், திருக்கோவிலூர்ப் பக்கங்களில் தலைமுறைகளாகச் செதுக்குகிறார்கள். சாமி சிலை, கோயில் வாகனம், கதவு வேலைப்பாடு எல்லாம். 2021-ல் கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. மாவட்டம் பிறந்து ரெண்டு வருஷத்துக்குள் வந்த பெருமை.

சிலையின் விலையை விசாரித்தால் பேச்சு அடியில்தான் தொடங்கும். "எத்தனை அடி சார் வேணும்?" என்பதுதான் முதல் கேள்வி. வாங்குபவர் மனசிலும் அதுதான்: ஒரு அடிக்கு இவ்வளவு என்றால், அரையடிக்குப் பாதி.

இந்தக் கணக்கில்தான் கோளாறு. உயரம் ரெண்டு மடங்கானால் மரம் எட்டு மடங்கு வேண்டும். நீளம், அகலம், உயரம் மூன்றும் கூடுது. செதுக்க வேண்டிய மேற்பரப்பு நாலு மடங்கு. ஒரு பேச்சுக்கு, ஓரடிச் சிலைக்கு மரம் 300 ரூபாய், நாள் கூலி 800, வேலை நாலு நாள் என்று வைப்போம். மொத்தம் 3,500. ரெண்டடிக்கு மரம் 2,400, வேலை பதினாறு நாள் 12,800. மொத்தம் 15,200. நாலு மடங்குக்கும் மேல்.

அரையடிக்கு வாருங்க. மரம் 40 ரூபாய்கூட ஆகாது. மேற்பரப்புக் கணக்குப்படி வேலை ஒரு நாளில் முடியணும். முடியாது. கண், தும்பிக்கை, விரல் எல்லாம் சின்னதாக ஆக உளி மெல்லத்தான் போகும். மூன்று நாள் என்று வைத்தால் 2,400. மொத்தம் 2,440. வாங்க வந்தவரோ 3,500-இல் பாதி, 1,750-க்கு மேல் தர மாட்டார். சின்னச் சிலை செய்கிறவருக்குக் கூலியிலேயே நஷ்டம்.

அரையடி என்றால் ஆறு அங்குலம். ரெஸ்லிங் பொம்மையின் உயரமும் கிட்டத்தட்ட அதேதான். அலமாரியில் பத்து, இருபது என்று அடுக்கச் சேகரிப்பாளருக்கு வசதியான அளவு. பிளாஸ்டிக்குக்கு அந்த அளவு லாபம். எஃகு அச்சு ஒரு தடவை செலவு, அதே கை, அதே தொடையைப் பல வீரர்களுக்கும் மாட்டிக்கொள்ளலாம். மரத்துக்கு ஒவ்வொரு தடவையும் முதலிலிருந்து. ஆகவே சின்ன மரச்சிற்பம் பிழைக்கணும் என்றால் அடிக் கணக்கை விட்டு வெளியே வந்தே ஆகணும்.

முத்திரை ஊருக்கு, பேர் யாருக்கு?

புவிசார் குறியீடு பெரிய விஷயம்தான். வேறு ஊரில் செய்ததைக் கள்ளக்குறிச்சி என்று சொல்லி விற்கக் கூடாது. அங்கீகரிக்கப்பட்ட பயனாளராகப் பதிவு செய்தவருக்குப் பொம்மைக்கான ஐ.எஸ்.ஐ. கட்டாயத்திலிருந்தும் விலக்கு உண்டு. கைவினை வளர்ச்சி ஆணையரிடம் பதிவு பெற்ற கைவினைஞருக்கும் அதே விலக்கு.

ஆனால் மேலே சொன்ன நாலு காலில் எத்தனை கால் கிடைச்சுது? அடையாளத்தில் பாதி. ஊர் தெரியும், யார் செதுக்கினார், எந்த வருஷம் என்பது பெரும்பாலான சிலையின் அடியில் இருக்காது. எண்ணிக்கை தெரியாது. முன்னால் என்ன விலைக்குப் போனது என்று பார்க்க இடம் கிடையாது. அதனால் வாங்குபவர் கையில் மிஞ்சுவது அடிக்கோல் மட்டும்தான்.

நம்ம ஆட்களுக்குச் சேகரிக்கும் பழக்கமே இல்லை என்று சிலர் சொல்வார்கள். கொலு வைக்கும் வீட்டில் போய் அதைச் சொல்லிப் பாருங்க. வருஷத்துக்கு ஒரு புதுப் பொம்மையாவது வாங்கணும் என்று வழக்கம். தசாவதாரத்தில் ஒண்ணு உடைந்தால் அதே அளவு, அதே நிறத்தில் கடை கடையாகத் தேடுவார்கள். வரிசை நிறையணும் என்ற அந்த அரிப்பைத்தான் மேட்டல் காசாக்குது.

என் யோசனை பெரிய திட்டம் எதுவும் இல்லை. சிலையின் அடியில் செதுக்கியவர் பேர், ஊர், மரம், வருஷம், இந்த மாதிரியில் எத்தனையாவது என்று உளியால் நாலு வரி. அதையே ஒரு நோட்டிலும், விற்ற விலையோடு. தசாவதாரத்தை மொத்தமாக விற்காமல், அரையடியில் வருஷத்துக்கு ஒரு அவதாரம், குறிப்பிட்ட எண்ணிக்கைக்கு மேல் இல்லை என்று ஒரு வரிசை.

இதற்கு நியாயமான எதிர்க்கேள்வி ஒண்ணு உண்டு: பத்து வருஷம் கழித்து விலை ஏறினால் லாபம் விற்கிறவருக்குத்தானே, செதுக்கியவருக்கு என்ன? உண்மைதான். பழைய பொம்மை கைமாறும்போது கம்பெனிகளுக்கும் ஒரு பைசா வராது. ஆனால் பழசு விலை ஏறுகிறது என்று தெரிந்தால் புதுசுக்கு வரிசையில் நிற்பார்கள். அப்போது "அரையடிதானே, பாதி விலைக்குக் கொடு" என்று கேட்க வாய் வராது. சிற்பிக்குச் சேர வேண்டிய லாபம் பழைய சிலையில் இல்லை, அடுத்து உளி வைக்கப் போகிற கட்டையில் இருக்கு.

பெயரும் வருஷமும் செதுக்க அரை மணி நேரம் ஆகும். அந்த அரை மணிக்கு இன்றைக்குக் கூலி கிடையாது. அதை யார் கொடுப்பது, சிற்பியா, சங்கமா, வாங்குகிற நாமா என்பதுதான் முதலில் தீர்க்க வேண்டிய கேள்வி. அடுத்த தடவை சிலை வாங்கும்போது "அடியில பேரு போட்டுக் குடுங்க, அதுக்கு என்னவோ சேர்த்து வாங்கிக்குங்க" என்று கேட்டுப் பார்க்கலாம். அதுக்குச் சட்டம் எதுவும் வேணாம்.